ஏழாம் அத்தியாயம்: ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலமும் பிரெஞ்சும்

ஆங்கிலக் கிரிப்டிக் குறுக்கெழுத்தை விடாமல் போடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்திருக்கும். தெரியும் என்பதுதான் தெரிந்திருக்காது. குறிப்பில் 'தி ஃப்ரெஞ்ச்' என்று வந்தால் 'ல', 'லா', 'லே' மூன்றில் ஒன்றை எழுதிப் பார்க்கிறோம். 'எ ஃப்ரெஞ்ச்' என்றால் 'அன்' அல்லது 'ஊன்'. கடல் என்றால் 'மேர்', நண்பன் 'அமி', தண்ணீர் 'ஓ', கோடை 'எத்தே', அரசன் 'ர்வா'. 'தி இந்து' கட்டங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இவை பழகிய முகங்கள். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பகுதியைச் சுற்றி வந்தவருக்குத் தெரு என்பது 'ரூ' என்று பெயர்ப்பலகையே சொல்லிக் கொடுத்திருக்கும்.

இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டே இருமொழிப் புதிருக்குள் இறங்கலாம். பிரெஞ்சில் கதை படிக்கும் அளவுக்குப் புலமை தேவையில்லை. தேவைப்படுவது ஒரு சந்தேகப் புத்தி. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, "நீ இப்போது எந்த மொழியில் நிற்கிறாய்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்வியைப் பழகுவதற்குத்தான்.

படிக்குமுன் ஒரு ஏற்பாடு. எழுத்துகளைப் பிரித்துக் காட்டவேண்டிய இடங்களில் எம்-இ-ஆர் என்று கோடிட்டு எழுதுகிறேன். தமிழில் எழுதும்போது இரண்டு 'பி'க்கும் வேறுபாடு இல்லை, இரண்டு 'டி'க்கும் இல்லை. அதனால் கூடியவரை அந்த எழுத்துகள் வராத சொற்களாகவே பொறுக்கியிருக்கிறேன். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்து, நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தால் நல்லது.

முதல் குறிப்பு: 'ஹாஃப் தி சம்மர் பை தி சீ இன் நீஸ்', மூன்றெழுத்து. கோடையில் பாதியை நீஸ் நகரத்துக் கடலோரம் கழித்ததாகச் சொல்கிறது வாக்கியம். பயணக் கட்டுரையின் முதல் வரி போல இருக்கிறதல்லவா? அந்தத் தோற்றத்தை நம்பக்கூடாது. 'சம்மர்' ஆறெழுத்து: எஸ்-யு-எம்-எம்-இ-ஆர். அதில் பாதி எம்-இ-ஆர். நீஸ் நகரத்தில் கடலுக்குப் பெயர் 'மேர்', அதே எம்-இ-ஆர். இடையில் உள்ள 'பை' இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் வைக்கிற ஒட்டுச்சொல்.

இன்னொரு பாதியும் இருக்கிறதே என்று கேட்கலாம். எஸ்-யு-எம் என்பதும் 'சம்' என்ற நல்ல ஆங்கிலச் சொல்தான். எந்தப் பாதி என்று எழுத்து விளையாட்டு சொல்லவில்லை. 'நீஸ்' என்ற ஊர்ப்பெயர்தான் சொல்கிறது. இருமொழிக் குறிப்பில் விடை எந்த மொழி என்பதற்கு எங்காவது ஒரு சாட்சி இருக்கவேண்டும். பாரிஸ், லியோன், மார்சேய் என ஒரு ஊராக இருக்கலாம். 'ஃப்ரெஞ்ச்' என்ற சொல்லே இருக்கலாம். புதிரின் தலைப்பிலேயே "மேலிருந்து கீழ் எல்லாம் பிரெஞ்சு" என்று அறிவித்திருக்கலாம். சாட்சியே இல்லாத குறிப்பைக் கண்டால் அது உங்கள் தோல்வி இல்லை, அமைத்தவரின் சோம்பல்.

ஊர்ப்பெயர்களில் ஒரு சூது உண்டு. நீஸ் நகரத்தை ஆங்கில அச்சில் பார்த்தால் அது 'நைஸ்' என்ற சொல்லேதான். தமிழில் எழுதினால் குட்டு உடைந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் உடையாது. ஊர்ப்பெயருக்கு முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டாகவேண்டும் என்பதால், கெட்டிக்கார அமைப்பாளர் அந்தச் சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிடுவார். அங்கே எந்தச் சொல்லுக்கும் பெரிய எழுத்துதானே. 'நைஸ் ஃப்ரெண்ட்' என்று தொடங்கினால் நல்ல நண்பன் போலத் தெரியும், விடை 'அமி'. 'டூர்ஸ்' பயணங்கள் போலத் தெரியும். லுவார் நதிக்கரை ஊரும் அதுதான். 'நான்சி' ஒரு பெண்ணின் பெயர், லொரேன் பகுதியில் ஒரு நகரம். எனக்குப் பிடித்தது 'ஆங்கர்ஸ்'. கோபமூட்டுகிறது என்ற ஆங்கில வினைச்சொல்லாகத் தோன்றும் அது, பிரான்சின் மேற்கில் ஆன்ஷே என்று உச்சரிக்கப்படும் ஊர். 'ஆங்கர்ஸ் கிங்' என்று இரண்டே சொற்களில் குறிப்பு வைத்தால் யாரோ அரசனைச் சீண்டுவதாகப் படிப்போம். அந்த ஊரில் அரசனை என்ன சொல்வார்கள் என்பதே கேள்வி. விடை ஆர்-ஓ-ஐ.

அமைப்பவர்களுக்கு இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேவையில்லாத இடத்தில் பெரிய எழுத்துப் போட்டு ஏமாற்றலாம் என்பார்கள் பலர். தேவையான இடத்தில் சிறிய எழுத்துப் போட்டு ஏமாற்றக்கூடாது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

இரட்டைக் குடியுரிமைச் சொற்கள்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் ஆயிரக்கணக்கில் குடியேறின. அவை நமக்கு அவ்வளவாகப் பயன்படாது. இரு மொழியிலும் ஒரே பொருள் என்றால் புதிருக்கு என்ன சுவை? எழுத்து ஒன்றாக இருந்து பொருள் எங்கோ விலகி நிற்கும் சொற்கள்தான் நமக்குச் சரக்கு. 1928இல் கெஸ்லேர், தெரொக்கிஞி என்ற இருவர் இப்படி ஏமாற்றும் சொற்களைத் தொகுத்துப் 'போலி நண்பர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அந்தத் தொடரை எச்சரிக்கையாகச் சொல்வார்கள். புதிர்க்காரர்களுக்கு அவர்கள் உயிர் நண்பர்கள்.

ஓ-யு-ஆர்-எஸ் என்பது ஆங்கிலத்தில் 'நம்முடையது', பிரெஞ்சில் கரடி. "பிரெஞ்சுக் கரடி நமக்கே சொந்தம்" என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு எழுதினால் வேலை முடிந்தது. எழுத்துகளைக் கலைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். ஆர்-இ-ஐ-என் அங்கே சிறுநீரகம், இங்கே கடிவாளம். சி-ஓ-ஐ-என் அங்கே மூலை, இங்கே நாணயம். ஆர்-ஓ-எம்-ஏ-என் அங்கே நாவல், இங்கே ரோமானியன். ஐ-எஃப் ஆங்கிலத்தில் 'ஒருவேளை'. பிரெஞ்சில் யூ மரம், பிரெஞ்சுக் கட்டங்களில் அடிக்கடி முளைக்கும் மரம்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. எஸ்-ஏ-எல்-இ பிரெஞ்சில் அழுக்கான, ஆங்கிலத்தில் தள்ளுபடி விற்பனை. "பாரிசில் அழுக்கு, லண்டனில் மலிவு" என்று குறிப்பு எழுதக் கை துடிக்கும். ஆனால் 'மலிவான' என்பது 'சேல்' என்ற பெயர்ச்சொல்லுக்கு விளக்கம் ஆகாது. பெயரடைக்குப் பெயரடை, பெயருக்குப் பெயர், வினைக்கு வினை என்ற ஒழுங்கு ஒரு மொழிப் புதிரில் எவ்வளவு முக்கியமோ, இரு மொழியில் அதைவிட முக்கியம். அவிழ்ப்பவர் பாதித் தூரம் தடவிக்கொண்டே வருகிறார். பிடிமானத்தையும் எடுத்துவிடக் கூடாது.

இதே சரக்கைத் தலைகீழாகவும் வைக்கலாம். 'சாட் வித் ஆன் இங்க்லிஷ்மன்', மூன்றெழுத்து. ஆங்கிலேயனோடு அரட்டை போலத் தெரிகிற இதில் முதல் சொல் ஆங்கிலமே இல்லை. சி-எச்-ஏ, கடைசியில் 'டீ'. பிரெஞ்சில் 'ஷா', பூனை. அந்தப் பூனையை ஆங்கிலேயனிடம் கொடுத்தால் 'கேட்'. 'சேர் இன் லண்டன்' என்றால் நாற்காலி இல்லை. பிரெஞ்சில் 'ஷேர்' சதை, விடை 'ஃப்ளெஷ்'. 'ஃபோர் இன் லண்டன்' என்றால் எண்ணை மறந்துவிடுங்கள். 'ஃபூர்' அடுப்பு, விடை 'அவன்'. ஆங்கிலச் சாயலில் வரும் வாக்கியத்தில் விடைக்கு "லண்டனில்" என்ற சாட்சி இருந்தால் உடனே உஷாராகுங்கள். ஆங்கில விடைக்கு ஆங்கிலச் சாட்சி எதற்கு? ஏதோ ஒரு சொல் வெளியூர்க்காரன் என்றுதான் அர்த்தம்.

நேர்மையும் குறும்பும்

இரு மொழிகளைக் கலக்கும்போது இரண்டு மரபுகளையும் கலக்கிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டம்தான் இரண்டுக்கும் மூதாதை. பிறகு வழிகள் பிரிந்தன. இங்கிலாந்தில் 1920களில் டோர்க்கெமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் 'அப்சர்வர்' இதழில் குறிப்புகளை முழுக்க மறைபொருளாக்கினார். அவருக்குப் பின் வந்த சிமினீஸ், அதாவது டெரிக் சாமர்செட் மக்நட், 1966இல் எழுதிய நூலில் சட்டம் வகுத்தார்: நேர்ப்பொருள் இருக்கவேண்டும், எழுத்து விளையாட்டு சரியாக இருக்கவேண்டும், வேறெதுவும் இருக்கக்கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் சட்டம் போடவில்லை, சிரித்தார்கள். நாடகாசிரியர் திரிஸ்தான் பெர்னாரின் பெயரில் வழங்கும் ஒரு குறிப்பு புகழ்பெற்றது: குளியல் தொட்டிகளைக் காலியாக்கிக் கழுவறைகளை நிரப்புவது எது என்று கேட்கிறது. விடை நாடக இடைவேளை. 'பெஞ்வார்' என்ற சொல்லுக்குக் குளியல் தொட்டி என்றும், நாடக அரங்கின் கீழ்த்தளத்தில் பணக்காரர்கள் உட்காரும் தனிப் பெட்டி என்றும் இரு பொருள். ஓரெழுத்துகூடக் கலையவில்லை; வெறும் பொருளிலேயே விளையாட்டு. 'இ' எழுத்தே இல்லாமல் 1969இல் ஒரு முழு நாவலை வெளியிட்ட ழார்ழ் பெரெக், 1976 முதல் 1982இல் இறக்கும்வரை 'ல பொய்ன்' வார இதழுக்குக் கட்டம் அமைத்தவர்; அவரும் இந்த மரபில் வந்தவர்தான். இந்த ரசனைக்காரர்கள் அவிழ்ப்பவரைக் 'குருசிவெர்பிஸ்த்' என்றும் அமைப்பவரை 'வெர்பிகுருசிஸ்த்' என்றும் அழைக்கிறார்கள். சொல்லின் முன்பாதியும் பின்பாதியும் இடம் மாறினால் ஆளும் மேசையின் மறுபக்கம் போய்விடுகிறார்.

பிரெஞ்சுக் கட்டங்களில் எழுத்து விளையாட்டு அறவே இல்லை என்று நினைக்கவேண்டாம். கட்டம் நெருக்கமானது, கறுப்புக் கட்டங்கள் குறைவு, ஏறக்குறைய எல்லா எழுத்தும் இரு பக்கமும் மாட்டும். அதனால் இரண்டெழுத்துத் துணுக்குகள் மிஞ்சும். அவற்றைக் "காட்டின் முனை", "மாதத்தின் முடிவு" என்ற ரீதியில் சமாளிப்பார்கள். 'கெர் த லியோன்', அதாவது சிங்கத்தின் இதயம், அப்படி ஒரு வாய்ப்பு. எல்-ஐ-ஓ-என் என்ற சொல்லின் நடுவில் ஐ-ஓ. அயோ, வியாழனின் நிலவு. "சிங்க இதயம், வியாழனின் துணைக்கோள்" என்று எழுதினால் பிரெஞ்சிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி. 'லயன்' இரண்டிலும் அதே நான்கு எழுத்துதானே. போதாக்குறைக்குச் சிங்க இதயன் ரிச்சர்ட் இங்கிலாந்தின் அரசன், பேசியது பிரெஞ்சு; 1189 முதல் 1199 வரை ஆண்டதில் இங்கிலாந்தில் இருந்தது ஏறத்தாழ ஆறு மாதம். இருமொழிப் புதிருக்கு இவனைவிடப் பொருத்தமான புரவலன் கிடைப்பானா?

என் தேர்வு இது: எழுத்து விளையாட்டுக்கு ஆங்கிலச் சட்டம், நேர்ப்பொருளுக்குப் பிரெஞ்சுக் குறும்பு. மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

கலைத்துப் போடுதல், காதால் கேட்டல்

அனகிராமில் மொழி ஆபத்து அதிகம். 'ஆரஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுங்கள்: ஓ-ஆர்-ஏ-என்-ஜி-இ. கலைத்தால் ஓ-ஆர்-ஜி-ஏ-என்-இ, பிரெஞ்சில் உடலுறுப்பு. ஓ-என்-ஏ-ஜி-இ-ஆர் ஆங்கிலத்தில் காட்டுக்கழுதை. கடைசி இரண்டு எழுத்தை மாற்றினால் அதே கழுதை பிரெஞ்சில். ஆரஞ்சும் பிரான்சில் ஓர் ஊர்! ஆகவே "நசுங்கிய ஆரஞ்சு, பாரிசில் ஓர் உறுப்பு" என்று எழுதினால் விடை ஒன்றுதான். "நசுங்கிய ஆரஞ்சு, காட்டுக்கழுதை" என்று எழுதினால் கடைசி இரண்டு கட்டத்தில் அவிழ்ப்பவர் நடுத்தெருவில் நிற்பார். கலைக்கச் சொல்லும் சொல் குறிப்பின் மொழியிலேயே இருக்கட்டும். ஆங்கில வாக்கியத்துக்கு நடுவில் 'அஜித்தே' என்று பிரெஞ்சில் கலைக்கச் சொல்வது சுத்த அழும்பு.

ஒலியை வைத்து எழுதும் குறிப்புகள் இருமொழியில் தனி ருசி. 'ஷூ' என்று ஆங்கிலத்தில் காதில் விழுவது பாரிசில் முட்டைக்கோஸ்: சி-எச்-ஓ-யு. சாவி என்ற 'கீ', பிரெஞ்சில் 'யார்'. ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் ஒலியைப் பிரெஞ்சுச் சொற்களால் கட்டி வான் ரூட்டன் 1967இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் எந்த ஊர் உச்சரிப்பு என்ற சண்டை எழும். ஒரு புதிரில் இரண்டு போதும்.

ஒரு குட்டிக் கட்டம்

இனி நாமே கட்டுவோம். இடமிருந்து வலம் ஆங்கிலம், மேலிருந்து கீழ் பிரெஞ்சு. மூன்றுக்கு மூன்று, கறுப்பே கிடையாது.

எஸ் – இ – ஏ
இ – ஆர் – ஆர்
எல் – இ – டி

கிடையாகப் படித்தால் 'சீ', 'எர்', 'லெட்'. நெடுக்காகப் படித்தால் 'செல்', 'ஏர்', 'ஆர்'. அதாவது உப்பு, சகாப்தம், கலை. இரண்டாவதில் முதல் எழுத்தின் மேல் பிரெஞ்சில் ஒரு குறி உண்டு; கட்டத்தில் குறிகளை விட்டுவிடுவதே வழக்கம்.

கடைசி மூலையைப் பாருங்கள். 'டி' இருக்கும் இடத்தில் 'ஏ' போட்டால் கிடையில் 'லீ', புல்வெளி. நெடுக்கில் 'அரா', பெரிய கிளி. இது மொழித்தூய்மையில் மேல். 'கலை'யின் மூன்றெழுத்தும் ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கின்றன, 'அரா' அப்படியில்லை. ஆனால் புல்வெளிக்கு அந்தச் சொல்லையும் கிளிக்கு இந்தச் சொல்லையும் குறுக்கெழுத்துக்காரர்களைத் தவிர யார் பேசுகிறார்கள்? ஒரே மூலையில் இரண்டு அபூர்வச் சொற்கள் மாட்டிக்கொண்டால் அவிழ்ப்பவருக்கு வெளியேற வழி இல்லை. நான் 'டி'யையே வைத்தேன்.

குறிப்புகள். முதல் கிடைக்கு: 'லுக், தே சே, அட் தி வாட்டர்'. பார்ப்பதற்கான 'சீ' ஒலியால் கடலாகிறது. இரண்டாவதற்கு: 'எவ்ரி ரோட் ரேஸ் ஸ்டார்ட்ஸ் டு கோ ராங்'. முதல் மூன்று சொற்களின் தொடக்க எழுத்துகள் இ-ஆர்-ஆர். தவறிப்போவது என்பது பொருள். வாக்கியம் ஓடுகிற ஓட்டத்தில் எழுத்து பொறுக்குவதே தெரியாது. மூன்றாவதற்கு: 'அலவ் ஆன் அப்ஸ்டக்கிள்'. 'லெட்' என்றால் அனுமதி, பழைய ஆங்கிலத்தில் தடையும் கூட. டென்னிசில் பந்து வலையைத் தொட்டால் சொல்வது இந்தத் தடையைத்தான்.

நெடுக்கில் முதலாவது ஆங்கிலக் குறிப்பு: 'செல் ஷார்ட், சால்ட் இன் பாரிஸ்'. பங்குச்சந்தைக்காரர்களின் தொடர், நமக்கோ விற்பதற்கான நான்கெழுத்துச் சொல்லைக் குட்டையாக்கு என்ற கட்டளை. கடைசி எழுத்து போனால் உப்பு. அடுத்த இரண்டையும் பிரெஞ்சிலேயே வைப்போம். தலையில்லாத தந்தை ஒரு முழுச் சகாப்தம் என்ற பொருளில் ஒன்று: 'பேர்' என்ற தந்தையின் முதல் எழுத்தைச் சீவினால் 'ஏர்'. மற்றது 'ரா அஃபொலே ஒ முசே', அருங்காட்சியகத்தில் மிரண்ட எலி. எலிக்கு இரு மொழியிலும் அதே மூன்றெழுத்து. மிரண்டு ஓடினால் அங்கே தொங்குவதாகிவிடுகிறது. பிரெஞ்சு மரபில் 'அருங்காட்சியகத்தில்' என்பது மட்டுமே பொருளாகப் போதும். சிமினீஸ் முகம் சுளித்திருப்பார்.

பெரிய கட்டத்துக்குப் போகிறவர்கள் கீழ் வரிசையை முதலில் நிரப்புங்கள். நெடுக்குச் சொற்கள் எல்லாம் பிரெஞ்சு என்றால் கீழ் வரிசை முழுக்கப் பிரெஞ்சுச் சொற்களின் கடைசி எழுத்துகள்: இ, எஸ், ஆர், 'டீ' இவையே மிகுதி, அவ்வப்போது எக்ஸ், இசட். அவற்றைக்கொண்டு ஓர் ஆங்கிலச் சொல் அமையவேண்டும். வலது ஓரத்தில் இதே சிக்கல் எதிர்த்திசையில்: ஆங்கிலச் சொற்களின் முடிவெழுத்துகள் ஒரு பிரெஞ்சுச் சொல்லாகவேண்டும். ஒய்-யில் முடியும் ஆங்கிலச் சொற்களை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கே, டபிள்யூ இரண்டும் பிரெஞ்சில் பெரும்பாலும் இரவல் சொற்களில்தான். க்யூ ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் அபூர்வம். பிரெஞ்சில் சேவல் 'கொக்', ஐந்து 'சேன்க்' இரண்டும் அதில்தான் முடிகின்றன. ஓரெழுத்து விட்டு ஓரெழுத்து மாட்டும் பிரிட்டிஷ் பாணிக் கட்டமே ஆரம்பத்துக்கு ஏற்றது. பிரெஞ்சு பாணி நெருக்கக் கட்டத்தை இரு மொழியில் நிரப்புவது இடுப்பை ஒடிக்கும் வேலை.

அகராதி மூன்று: ஆங்கிலத்துக்கு சேம்பர்ஸ், பிரெஞ்சுக்குப் பெத்தி லருஸ், இரண்டுக்கும் பாலமாக ரொபேர்-காலின்ஸ். பெத்தி லருசில் இல்லாத சொல்லைக் கட்டத்தில் வைக்காமல் இருந்தால் பாதிப் புகார்கள் வரவே வராது.

முடித்த புதிரை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவருக்கு ஆங்கிலம் பலம், மற்றவருக்குப் பிரெஞ்சு. இருவரும் ஒரே குறிப்பில் சிக்கினால் குறிப்பைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சிக்கினால் விட்டுவிடலாம். அவரை மீட்கக் குறுக்கே ஓடும் மறுமொழிச் சொல் இருக்கிறது. கடைசியாக, கட்டத்தின் தலைமாட்டில் மூன்று செய்திகளை அச்சிடுங்கள்: எந்தத் திசை எந்த மொழி, உச்சரிப்புக் குறிகள் விடப்பட்டுள்ளனவா, 'லோ' போன்ற சொற்களில் வரும் அப்பாஸ்ட்ரஃபிக்குத் தனிக் கட்டம் உண்டா இல்லையா.